கட்டிலுக்கு எதிர்ச்சுவர்

எங்கள் படுக்கையறைக்கு அடர்நீலம் அடிக்கச் சொன்னது நான்தான். கடைக்காரர் தலையில் கட்டிவிட்டார், பெயிண்டர் தப்பாகக் கலந்துவிட்டார் என்றெல்லாம் சொந்தக்காரர்களிடம் என் மகள் எனக்காகச் சமாளித்திருக்கிறாள். அப்படி எதுவும் நடக்கவில்லை. பார்த்து, யோசித்து, ஆசைப்பட்டு நான் எடுத்த நிறம் அது.

தேங்காய்ப்பட்டணத்தில், ஆறு கடலில் சேரும் இடத்துக்குக் கொஞ்சம் இப்பால், ஆறு சென்டில் அந்த வீட்டைக் கட்டினோம். கட்டினோம் என்பது பேச்சுக்கு. என் கணவர் அப்போது வளைகுடாவில் ஏ.சி. மெக்கானிக்காகப் பன்னிரண்டு வருடம் முடித்திருந்தார். அஸ்திவாரம் தோண்டும்போது ஒரு லீவில் வந்து நின்றார். அடுத்த லீவில் வந்தபோது வீட்டில் நாங்கள் குடியிருந்தோம். இடைப்பட்ட இரண்டு வருடமும் நான் புதுக்கடையில் ஒரு மெட்ரிக் பள்ளியில் தமிழ்ப் பாடம் எடுத்துவிட்டு, சாயங்காலம் வந்து கொத்தனாரிடமும் ஆசாரியிடமும் பேசிக்கொண்டிருந்தேன்.

நான் பிறந்து வளர்ந்தது வாடகை வீட்டில். அங்கே சுவரின் நிறம் வீட்டுக்காரருடையது. கல்யாணமாகி வந்த வீட்டில் அது மாமியுடையது; பெருநாளுக்குப் பெருநாள் ஒரு ரோஸ் நிறம் அடிப்பார்கள், அடித்த வாரமே கையில் ஒட்டும். முப்பத்தாறு வயது வரை, ஒரு சுவர் என்ன நிறத்தில் இருக்க வேண்டும் என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை. அதனால் பெயிண்ட் கடைக்காரர் ஷேட் கார்டை விரித்துவைத்து, "பாருங்க டீச்சர்" என்றபோது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது.

"ஐவரி எடுங்க. எல்லாரும் அதான் எடுக்காங்க. கண்ணுக்கு உறுத்தாது, ரூமும் பெருசாத் தெரியும்" என்றார் அவர்.

நான் கார்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். ஒரு வாரம் பார்த்தேன். எனக்கு என்ன பிடிக்கும் என்று எனக்கே தெரியவில்லை. கடைசியில் பீரோவைத் திறந்து என் சேலைகளைக் கட்டிலில் எடுத்துப் போட்டேன். கருநீலம், அரக்கு, மயில்கழுத்து, இலைப்பச்சை, மஞ்சள். நானே போய்த் தேர்ந்தெடுத்து வாங்கியவை எல்லாம் அடர்த்தியான நிறங்கள். யாராவது கொடுத்தவை மட்டும் வெளிறியவை; அவற்றின் மடிப்புகூடக் கலையாமல் இருந்தது. ஐவரி நிறத்தில் ஒரு கைக்குட்டைகூட என்னிடம் இல்லை. அன்றைக்குத்தான் எனக்கு ஒரு ருசி இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

பெயிண்டர் புதுக்கடைப் பக்கத்துக்காரர். சர்ச்சுக்குப் போகிறவர், ஞாயிற்றுக்கிழமை எந்த வேலைக்கும் வரமாட்டார். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர். ஹாலுக்குச் செங்கல் நிறம், சமையலறைக்கு மஞ்சள், படுக்கையறைக்கு இந்த நீலம் என்று நான் விரல் வைத்துக் காட்டியபோது தலையைச் சொறிந்தார்.

"அக்கா, அட்டையில இத்தனூண்டு காணும்போ எல்லாம் அழகாத்தான் இருக்கும். செவர்ல வேற மாதிரி ஆயிரும். நான் ரெண்டடிக்கு ரெண்டடி அடிச்சுத் தாறேன். காலம்பற ஒருக்கப் பாருங்க, உச்சைக்கு ஒருக்கப் பாருங்க, லைட்டப் போட்டு ஒருக்கப் பாருங்க. ரெண்டு நாளு கெடக்கட்டு."

அப்படியே செய்தார். காலையில் அந்த நீலச் சதுரம் ஈரமாக இருப்பதுபோல் இருந்தது. மத்தியானம் ஆழமானது. விளக்கைப் போட்டால் கறுப்புக்குப் பக்கத்தில் போய் நின்றது. மூன்றும் எனக்குப் பிடித்திருந்தன. அன்று கணவரிடம் போனில் சொன்னேன்.

"ஒனக்கு இஷ்டம்போல அடிச்சுக்கோ. நீதானே இருக்கப்போற" என்றார்.

முதல் வாக்கியத்தை மட்டும் நான் கேட்டுக்கொண்டேன். எத்தனை பெண்களுக்கு இப்படி ஒரு புருஷன் கிடைப்பான் என்று பள்ளியில் மற்ற டீச்சர்களிடம் பெருமையாகச் சொன்னேன்.

சுவர் காய்ந்ததும் போட்டோ எடுத்து அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் படம் திரும்பி வந்தது.

அதன் பிறகு பத்து வருடம் நான் அந்த நிறங்களுக்கு நடுவில் இருந்தேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் சிரித்தார்கள். "ஹாலு செங்கச்சூள மாதிரி இருக்கு" என்று நாத்தனார் முகத்துக்கு நேரே சொன்னார். எனக்கு உறைக்கவில்லை. பள்ளி விட்டு வந்து படுக்கையறைக்குள் நுழைந்தால் தண்ணீருக்குள் இறங்கியதுபோல் இருக்கும். நாள் முழுக்கக் கத்திய தொண்டையும் வெயிலில் எரிந்த கண்ணும் அங்கே அடங்கும். ஜூன் மாத இடவப்பாதி மழையில் கடற்காற்று சுவரைக் கடித்துப் பொரிய வைக்கும். மழை ஓய்ந்ததும் பெயிண்டரைக் கூப்பிட்டு, சுரண்டி, அதே நீலத்தைத் திரும்ப அடிப்பேன். அவரும் நாளடைவில் அதற்குப் பழகிவிட்டார். "டீச்சர் அக்கா நீலம்" என்று கடையில் அதற்கு ஒரு பெயரே வைத்திருந்தார்.

கணவர் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் லீவில் வருவார். அந்த நாற்பது நாளும் சொந்தக்காரர் வீட்டு விருந்து, கல்யாணம், பத்திரம் பதிவு, ஆஸ்பத்திரி என்று ஓடிவிடும். வீட்டைப் பற்றி ஒரு குறை சொன்னதில்லை. தண்ணீர் சூடாக வரவில்லை என்றுகூடச் சொன்னதில்லை. பகலிலும் படுக்கையறையில் டியூப் லைட்டைப் போட்டுவைப்பார். நான் அணைப்பேன், பிறகு போய்ப் பார்த்தால் எரிந்துகொண்டிருக்கும். அங்கே பழகிய பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐம்பத்துநான்கு வயதில் வேலை செய்யும் இடத்திலேயே அவருக்குப் பக்கவாதம் வந்தது. அங்கே ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் கிடந்தார். திருவனந்தபுரம் விமான நிலையத்தில் அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தவர் அவருடைய அறையில் கூடத் தங்கியிருந்த ஒரு மலையாளி. நாற்காலியை என் கையில் ஒப்படைத்துவிட்டு, அந்த மனிதர் திரும்பிச் சுவரைப் பார்த்து நின்று அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. மாத்திரைச் சீட்டை எல்லாம் வாங்கிப் பையில் வைத்தேன். வலது கையும் காலும் போயிருந்தன. பேச்சு குழறலாக வந்தது. பக்கத்தில் போய்க் காது கொடுத்தால் புரியும்.

நான் வேலையை விட்டேன். மகள் நாகர்கோவிலில் கல்லூரி விடுதியில் இருந்தாள்; சனிக்கிழமை வருவாள். மற்ற நாளெல்லாம் நானும் அவரும்தான். திருப்பிப் படுக்க வைப்பது, துடைப்பது, கஞ்சி ஊட்டுவது எல்லாவற்றையும் பத்து நாளில் கற்றுக்கொண்டேன். அவருக்குத் தூக்கம் வராததுதான் எனக்குப் புரியவில்லை. பகலிலும் வராது, இரவிலும் வராது. கண் திறந்தே கிடப்பார். அசந்து கண்ணை மூடினால் ஐந்து நிமிடத்தில் பதறி விழித்து, இடது கையால் கட்டில் சட்டத்தைப் பிடிப்பார். டாக்டர் மாத்திரை கொடுத்தார். மாத்திரையில் தூங்கினார், ஆனால் எழும்போது அந்தப் பதற்றம் இன்னும் அதிகமாக இருந்தது.

மூன்றாவது வாரம் ஒரு காலையில், முகம் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னார். "ஏட்டி, இந்தப் பெயிண்ட மாத்து."

"எந்தப் பெயிண்டு?"

"செவரு. கெணத்துக்குள்ள கெடக்க மாதிரி இருக்கு."

"பத்து வருஷமா நீங்க ஒண்ணும் சொல்லலியே."

"பறயதுக்கு நான் இங்கயா இருந்தேன்?"

கோபமாகச் சொல்லவில்லை. அவருக்குக் கோபத்துக்கான தெம்பு இல்லை. நான் துண்டை அலசப் போனவள் குளியலறையிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். அவர் பத்து வருடம் சும்மா இருந்தது எனக்காக விட்டுக்கொடுத்தது அல்ல என்று அங்கே நிற்கும்போது தோன்றியது. நாற்பது நாளில் கிளம்பப் போகிறவன் பிறத்தியார் வீட்டுச் சுவரைப் பற்றி எதற்குப் பேச வேண்டும்?

பெயிண்டரைக் கூப்பிட்டேன். அவர் அறைக்குள் வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, என் கணவரைப் பார்த்து, "சொகமா இருக்கியளா அண்ணா?" என்று கேட்டுவிட்டு, கேட்டது தப்பென்று உடனே தலையைக் குனிந்துகொண்டார். கட்டிலை ஹாலுக்கு மாற்றினோம். அந்த நீலத்தை மறைக்கப் பிரைமரே இரண்டு கோட் அடிக்க வேண்டியிருந்தது. முதல் கோட்டில் நீலம் உள்ளேயிருந்து ரத்தக்கட்டுபோலத் தெரிந்தது. நான் அதைப் பார்க்கக் கூடாது என்று சமையலறையில் இருந்துகொண்டேன். மேலே ஐவரி அடித்தார்.

ஐந்தாம் நாள் கணவரை உள்ளே கொண்டுபோனோம். அவர் எதிர்ச்சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இல்ல" என்றார்.

"என்ன இல்ல?"

"இது இல்ல."

ஐவரியில் அவருக்குக் கண் கூசியது. தலையணையில் முகத்தைத் திருப்பிக்கொண்டே கிடந்தார். பெயிண்டர் வெளிர் பீச் அடித்துக் காட்டினார், வெளிர் ரோஸ், சந்தனம், ஆகாய நீலம், இளம்பச்சை. எதிர்ச்சுவரில் ஐந்து சதுரங்கள் ஆகிவிட்டன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு நாள் கொடுத்தோம். ஒவ்வொன்றையும் பார்த்துத் தலையை இடமும் வலமுமாக அசைத்தார். இளம்பச்சையில் மட்டும் கொஞ்ச நேரம் கண் நின்றது. பிறகு அதற்கும் இல்லை என்றார்.

அன்றைக்கு நான் உடைந்துவிட்டேன். காலையிலிருந்து இரண்டு முறை படுக்கை விரிப்பு மாற்றியிருந்தேன். முதுகு வலித்தது. "ஒங்களுக்கு என்னதான் வேணும்?" என்று கத்தினேன். "கலருக்க பேரச் சொல்லுங்க. நான் ஆசப்பட்டு வச்சிருந்தத அழிச்சாச்சு. இன்னும் எதயெல்லாம் அழிக்கணும்? பேரச் சொல்லுங்க!"

பெயிண்டர் தூரிகையைத் தகர டப்பாவில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். என் கணவருடைய வாய் கோணியது. பக்கவாதம் வந்தவர்களுக்கு அழுகை சட்டென வரும், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். எப்படி எடுத்துக்கொள்ளாமல் இருப்பது? எச்சிலும் கண்ணீருமாக அவர் சொன்னார். "பேரு தெரியாது. அங்க உள்ளது."

"எங்க உள்ளது?"

"ரூம்ல."

அந்தச் சனிக்கிழமை மகள் வந்தபோது சொன்னேன். அவள் வாப்பாவின் பழைய போனை எடுத்துச் சார்ஜில் போட்டாள். நாங்கள் இரண்டு பேரும் சமையலறையில் உட்கார்ந்து படங்களைப் பார்த்தோம். பெரும்பாலும் நான் அனுப்பியவை: மகளின் மார்க் ஷீட், கேஸ் சிலிண்டர் புத்தகம், வீட்டின் போட்டோக்கள். நடுவில் ஒரு பெருநாள் படம். ஓர் அறை. இருபுறமும் அடுக்குக் கட்டில்கள். தரையில் செய்தித்தாளை விரித்துப் பெரிய தட்டில் பிரியாணி. எட்டுப் பேர் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். என் கணவர் லுங்கியும் பனியனுமாக, தலையைப் பின்னால் சாய்த்து, கடைவாய்ப் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அவருடன் குடும்பம் நடத்திய காலத்தில் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

மகள் படத்தைப் பெரிதாக்கினாள். அவர் தலைக்குப் பின்னால் சுவர் தெரிந்தது. ஒரு காலத்தில் வெளிர்ப்பச்சையாக இருந்திருக்க வேண்டும். சமையல் புகையும் தலை எண்ணெயும் பட்டுப் பட்டு மஞ்சளும் பழுப்புமாக இறங்கியிருந்தது. பழைய சர்க்கார் ஆஸ்பத்திரி வராந்தாவின் நிறம்.

"இதுவா உம்மா?" என்றாள் மகள். அவளுக்கு அருவருப்பாக இருந்தது, மறைக்க முயன்றாள்.

போனைக் கொண்டுபோய் அவர் முகத்துக்கு முன்னால் பிடித்தேன். இடது கையைத் தூக்கி, சிரிக்கிற ஆட்களை விட்டுவிட்டு, அந்தச் சுவரின் மேல் விரலை வைத்தார்.

புதுக்கடைக் கடையில் நிறம் கலக்கும் இயந்திரம் இருந்தது. ஆனால் போன் படத்தைப் பார்த்து அது ஒன்றும் செய்யாது. கடைக்காரர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இது கலரு இல்ல டீச்சர். அழுக்கு." பெயிண்டர்தான் இளம்பச்சையை வாங்கி வந்து, எங்கள் வீட்டுப் பின்வாசலில் உட்கார்ந்து, கையால் கலக்கினார். காவி கொஞ்சம் ஊற்றினார், கறுப்பு இரண்டு சொட்டு விட்டார். ஒரு ஓட்டுத்துண்டில் தடவிக் கொண்டுபோய்க் காட்டினார். என் கணவர் பார்த்தார். "கொஞ்சம் கூட" என்றார். திரும்பவும் காவி. திரும்பவும் காட்டினார். நாலாம் தடவை பெயிண்டர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "அக்கா, அழுக்குச் செவர வெளுப்பிச்சுத் தாங்கன்னுதான் எல்லாரும் விளிப்பாங்க. வெளுத்த செவர அழுக்காக்க நான் இதுவர போனதில்ல."

ஆறாவது ஓட்டுத்துண்டுக்கு என் கணவர், "ம்" என்றார்.

எதிர்ச்சுவரும் பக்கச் சுவர்களும் அந்த நிறமாயின. அன்று மத்தியானம், பெயிண்ட் வாடை போவதற்கு முன்பே, கஞ்சி குடித்த வாயைத் துடைத்துவிட்டுத் தலையணையைச் சரிசெய்தேன். அவர் சுவரைப் பார்த்தபடி கிடந்தார். நான் பாத்திரத்தைக் கழுவிவைத்துவிட்டு வந்தபோது குறட்டை கேட்டது. சாயங்காலம் அஸர் பாங்கு சொல்லும்வரை தூங்கினார். எழுந்தபோது கட்டில் சட்டத்தைப் பிடிக்கவில்லை.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. கூடவே இன்னொன்றும் வந்தது. அது பொறாமை என்று ஒத்துக்கொள்ள எனக்குப் பல நாள் ஆயிற்று. வேறு ஒரு பெண் இருந்திருந்தால்கூட இந்த அளவுக்கு இருந்திருக்குமா என்று தெரியாது. ஒரு சுவரிடம் போய்ச் சண்டை போட முடியாது.

அவர் இன்னும் பதினான்கு மாதம் இருந்தார். அந்த அறையில் அவருக்கு வேண்டியதைச் செய்வேன். செய்து முடித்ததும் வெளியே வந்துவிடுவேன். என் பாயை ஹாலுக்கு மாற்றிக்கொண்டேன். கதவைத் திறந்துவைத்தால் அவர் கூப்பிடுவது கேட்கும். பார்க்க வந்தவர்கள் சுவரைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். நாத்தனார் ஒரு நாள் ஹாலில் வைத்து, நான் கேட்க வேண்டும் என்றே பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னார்: "சொகமா இருந்தப்ப அவளுக்கு விதவிதமா கலரு வேணும். தம்பி கெடப்புல ஆனதும் ரூமக் கண்டியா? மாட்டுக்கொட்டில் இதவிடக் கொள்ளாம்."

உள்ளே கட்டிலில் என் கணவருக்கு அது கேட்டிருக்கும். அவர் ஏதாவது சொல்வார் என்று நான் அறை வாசலில் நின்று காத்திருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சொன்னால் என்னவென்று சொல்வது? உங்கள் தம்பிக்குச் சொந்த வீட்டில் தூக்கம் வரவில்லை, அங்கே எட்டுப் பேரோடு கிடந்த அறைதான் வேண்டியிருந்தது என்றா?

கடைசி மாதங்களில் அவர் பேச்சு கொஞ்சம் தெளிந்தது. ஒரு சாயங்காலம் நகம் வெட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். நான் கேட்காமலே சொன்னார்.

"இருவத்திநாலு வருஷம் அந்தச் செவரப் பாத்துத்தான் ஒறங்கினேன். கீழ்க்கட்டிலு எனக்கு. முழிச்சா அதுதான் காணும். இங்க முழிச்சா எங்க கெடக்கேன்னே தெரியல்ல. பயமா இருந்து."

"அப்ப இந்த வீடு?"

"ஒனக்க வீடு."

"நம்ம வீடு" என்றேன்.

அவர் சுவரைப் பார்த்தபடி, "நீ போட்டோ அனுப்புவல்லா, அத எல்லாவனுக்கும் காட்டுவேன். அந்த நீல ரூமக் கண்டுட்டு, ஒனக்க பெண்டாட்டி ராணி மாதிரி இருக்காளேன்னு சொல்லுவானுவ" என்றார்.

"ஒங்களுக்குப் பிடிச்சிதா?"

நகவெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பதிலுக்காக அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் யோசித்தார். பொய் சொல்லியிருக்கலாம், நான் நம்பியிருப்பேன்.

"எனக்கு ஒண்ணும் தோணல்ல, மக்கா" என்றார். "வேற யாருக்கயோ வீடு மாதிரி இருந்து."

மிச்சம் மூன்று விரல் நகங்களையும் வெட்டினேன். அவர் கை என் கையில் இருந்தது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நான் மொத்தம் எத்தனை நாள் இருந்திருப்பேன் என்று மனதில் ஒரு கணக்கு ஓடியது, பாதியிலேயே விட்டுவிட்டேன்.

அவர் இறந்தது ஒரு மழைக்காலக் காலையில். தேத்தண்ணீரோடு உள்ளே போனேன். கண் மூடியிருந்தது, முகம் அமைதியாக இருந்தது. தூங்குகிறார் என்று திரும்பி வந்து, அரை மணி நேரம் கழித்துத் தேத்தண்ணீரைத் திரும்பச் சூடாக்கிக்கொண்டு போனேன். அப்போதுதான் தெரிந்தது. அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்தார்கள். பள்ளிவாசலுக்குப் போன ஆண்கள் திரும்பி வந்தபோது எல்லாரும் நனைந்திருந்தார்கள்.

கணவன் இறந்தால் நான்கு மாதம் பத்து நாள் பெண் வீட்டைவிட்டு வெளியே போகாமல் இத்தா இருக்க வேண்டும். ஹாலில் ஆண்கள் வந்து போவார்கள் என்பதால் எனக்குப் படுக்கையறையை ஒதுக்கினார்கள். நாத்தனார்தான் பாயைக் கொண்டுவந்து விரித்தார். அவருக்கு என்னைப் பழிவாங்கும் எண்ணம் இல்லை. வீட்டில் வேறு தோதான அறை கிடையாது. நான் வேண்டாம் என்று சொன்னால் புருஷன் கிடந்த அறையில் இருக்க மாட்டேன் என்கிறாள் என்று ஆகிவிடும். போய் உட்கார்ந்தேன்.

நான்கு மாதம் பத்து நாள் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. ஜன்னல் பாதி சாத்தியிருக்கும். காலையில் அந்த நிறம் சோறு வடித்த கஞ்சிபோல இருக்கும். மத்தியானம் மஞ்சள் தூக்கும். மழை நாளில் முழுக்கப் பழுப்பாகிவிடும். அவருக்கு அதில் கிடைத்த நிம்மதி எனக்கும் வரும் என்று எதிர்பார்த்தேன். அவரைப் புரிந்துகொள்ள ஒரு வழியாவது அதில் திறக்கும் என்று நினைத்தேன். எதுவும் வரவில்லை. எண்பதாம் நாளும் அது எனக்கு அருவருப்பாகத்தான் இருந்தது. ஒன்று மட்டும் தெரிந்தது. பிடிக்காத ஒரு சுவரை இப்படி நாள் கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தால் மனிதன் அதை வெறுப்பதைக்கூட நிறுத்திவிடுகிறான். அவருக்கும் முதல் வருடம் அந்தச் சுவர் பிடித்திருக்காது. இருபத்துநான்கு வருடத்தில் அது அவருக்குள்ளே போய்விட்டது. ருசி என்று நான் பெருமையாக நினைத்துக்கொண்ட ஒன்று அவருக்கு வளர இடமே இருக்கவில்லை. அவர் அங்கே அப்படிக் கிடந்ததால்தான் எனக்கு இங்கே சுவர்கள் கிடைத்தன. இதை எண்ணி அழுதேன். இத்தா நாளில் அழாமல் பின் எப்போது அழுவது?

இத்தா முடிந்த வாரம் பெயிண்டர் தானாகவே வந்தார். கையில் ஷேட் கார்டு. அவருடைய மனைவி கொடுத்துவிட்டதாக ஒரு சீப்பு ரசகதலிப் பழமும் கொண்டுவந்திருந்தார்.

"பழைய நீலத்தையே அடிச்சிருவோமா அக்கா? கலக்குத கணக்கு எனக்குத் தெரியும்."

கார்டைத் திருப்பினேன். அந்த நீலம் அங்கேயே இருந்தது. கிணற்றுக்குள் கிடப்பதுபோல என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. அது இனி எனக்கு வெறும் நீலமாக இருக்கப் போவதில்லை. கார்டை மூடி அவரிடம் கொடுத்துவிட்டேன்.

"அப்ப அந்த ரூம எனக்குத் தாங்க" என்றாள் மகள். அவள் கல்லூரி முடித்து, தக்கலையில் ஒரு அலுவலகத்தில் வேலைக்குச் சேரப்போகிறாள். இனி வீட்டில்தான் இருப்பாள். "கலர் நான் சொல்லுவேன்."

போனில் எதையோ தேடி எடுத்துப் பெயிண்டரிடம் காட்டினாள். வெளிர்சாம்பல். மேகமூட்டமான நாளில் சிமெண்ட் தரை இருக்குமே, அந்த மாதிரி. ஒரு சுவர் முழுக்க அதுவாம். மற்ற மூன்றும் வெள்ளையாம். பெயிண்டர் என்னைப் பார்த்தார். நான் அவள் பக்கம் கையைக் காட்டினேன்.

சாம்பிளை அவளே பார்த்துச் சரி சொன்னாள். ஜன்னலுக்கு அவள் தொங்கவிட்ட திரைச்சீலையும் சாம்பல். எல்லாம் முடிந்து, அவள் மேசையையும் புத்தகங்களையும் அடுக்கி முடித்த அன்று என்னை உள்ளே கூப்பிட்டாள். நடுவில் நின்று கையை விரித்தாள்.

"எப்பிடி இருக்கு உம்மா?"

நன்றாக இருக்கிறது என்ற வார்த்தை நுனிநாக்குக்கு வந்துவிட்டது. அதைச் சொல்லிவிட்டுப் போயிருந்தால் அந்த நிமிடம் சுகமாக முடிந்திருக்கும். என் கணவரும் நானும் ஒருவரிடம் ஒருவர் இப்படி எத்தனை கட்டைவிரல் படங்களை அனுப்பிக்கொண்டோம்!

"எனக்குப் பிடிக்கல்ல, மக்கா" என்றேன். "வெளிச்சம் இருக்கு. ஆனா பாக்க ஒண்ணுமே இல்ல."

அவள் முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு சுவரை ஒருமுறை பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஒங்களுக்குப் பிடிக்கண்டாம்" என்றாள். "நான்தானே ஒறங்கணும்."

புதுத் தலையணை உறையை உதறிப் போட ஆரம்பித்தாள். நான் கட்டிலின் மறுபக்கம் போய் விரிப்பின் நுனியைப் பிடித்து இழுத்துக் கொடுத்தேன்.